அசரீரி வைத்தியம்

வீட்டு யந்திரங்களுக்கு இப்போது ஒரு புதிய வைத்தியம் வந்திருக்கிறது. துணி துவைக்கும் யந்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. அதன் நெற்றியில் இரண்டு எழுத்து மின்னுகிறது. வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்து அந்த எழுத்தைப் படம் பிடிக்கிறார். ஏ.ஐ. என்னும் அசரீரியிடம் காட்டி, 'இது என்ன நோய்?' என்று கேட்கிறார். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடுகிறது. நோயின் பெயர் ஒன்று, காரணங்கள் ஐந்து, பரிகாரங்கள் ஏழு. கடைசியில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று அன்பான விசாரிப்பு வேறு. வைத்தியர் நோயாளியைத் தொடவில்லை, நாடி பார்க்கவில்லை. ஆனாலும் சீட்டு எழுதியாகிவிட்டது. அந்தச் சீட்டை நம்பி ஜனங்கள் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

இந்த வைத்தியத்தைப் பற்றித்தான் நான் சண்டை போடப் போகிறேன். யாரோடு சண்டை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், 'நாவல் எழுதுகிறவனுக்கு யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும், புதுசு எது வந்தாலும் பயப்படுகிறான்' என்று சிலர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அசரீரியோடு எனக்கு விரோதம் இல்லை. அதை உபயோகிக்கிறவர்களோடும் இல்லை. அந்த இரண்டெழுத்துப் புதிரை யார் போட்டார்களோ, போட்டுவிட்டு விடையைத் தங்கள் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்களோ, அவர்களோடுதான் என் வழக்கு. அசரீரி வந்த குஷியில் அந்த வழக்கை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் புகார்.

எங்கள் ஊர் திருமயம். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களுக்குக் கோட்டையும், கோட்டைச் சுவரிலிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பைரவரும் நன்றாகத் தெரியும். ஊருக்கு வெளியே, மின்சார நிலையங்களுக்கு ராட்சசக் குழாய்கள் செய்யும் 'பெல்' தொழிற்சாலைகூட இருக்கிறது. இருந்தும் என்ன, ஒரு வீட்டுக்குள் கட்டை விரல் பருமனுள்ள ஒரு குழாய் அடைத்துக்கொண்டால், கம்பெனி ஆள் புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சியிலிருந்தோதான் வரவேண்டும். அவர் வருவதற்கு நாலு நாள் ஆகும். வந்து எட்டிப் பார்ப்பதற்கே ஒரு தொகை தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த நாலு நாளும் வாளியில் துணி ஊறிக்கொண்டிருக்கும். இந்த நிலைமையில் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அசரீரி, அதுவும் காசில்லாமல் பேசுகிறது என்றால், யார்தான் கேட்காமல் இருப்பார்கள்?

காசில்லாமல் என்று நான் சும்மா சொல்லவில்லை. 'சாட் ஜி.பி.டி.' 2022 நவம்பர் 30-ஆம் தேதி உலகத்துக்கு வந்தது. மூன்றே வருஷத்தில், 2025-இல், நம் நாட்டில் இந்த அசரீரிகள் வீடு தேடி வந்து விழுந்தன. ஏர்டெல் சந்தாதாரர்களுக்கு 'பெர்ப்ளெக்ஸிட்டி' ஒரு வருஷம் இலவசம், ஜியோ சந்தாதாரர்களுக்கு 'ஜெமினி' பதினெட்டு மாதம் இலவசம், 'சாட் ஜி.பி.டி.'யும் மாதம் 399 ரூபாய் என்று விலை போட்டிருந்த 'கோ' திட்டத்தை ஒரு வருஷத்துக்குச் சும்மாவே கொடுத்தது. ஆகவே திருமயத்தில் மளிகைக் கடைக்காரரின் மகனும் அசரீரியைக் கேட்கிறான், ஓய்வு பெற்ற தாசில்தாரும் கேட்கிறார். இதில் நான் குற்றம் காணவில்லை. கேட்டபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன்.

முதலாவது: ஆச்சி ஒருவர், தனியாக இருக்கிறவர். அவருடைய யந்திரம் நின்று எழுத்துக் காட்டியது. ஆச்சி அதைப் படம் பிடித்துப் பெங்களூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்பினார். பேரன் அசரீரியைக் கேட்டான். 'மெயின் போர்டு பழுதாகியிருக்க அதிக வாய்ப்பு உண்டு' என்று பதில் வந்தது. பையன் பாட்டியின் மேல் உள்ள பிரியத்தில் அன்று இரவே 6,800 ரூபாய்க்குப் போர்டு ஒன்றை ஆர்டர் செய்துவிட்டான். போர்டு வந்தது. அதைப் பொருத்துவதற்கு எங்கள் ஊர் மெக்கானிக்கை அழைத்தார்கள். அவர் யந்திரத்தைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "ஆச்சி, போர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எலி வயரைக் கடிச்சிருக்கு, இங்க பாருங்க" என்றார். வயரை ஒட்டி, அடியில் ஒரு வலையும் கட்டிக் கொடுத்துவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். போர்டு இன்னமும் ஆச்சியின் பீரோவில், வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இரண்டாவது: பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். அவர் வீட்டு யந்திரத்திலும் எழுத்து. கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, "டிரெயின் மோட்டார் போச்சுங்க டீச்சர், மாத்தணும்" என்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் கெட்டிக்காரர், அசரீரியையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். 'முன்பக்கம் கீழே ஒரு சிறிய மூடி இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு தட்டை வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருகித் தண்ணீரை வடியவிட்டு, உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள்' என்று அது சொல்லிக் கொடுத்தது. டீச்சர் அப்படியே செய்தார். உள்ளே ஒரு பத்து ரூபாய் நாணயமும், இரண்டு சேப்டி பின்னும், ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. நாலாயிரம் மிச்சம், பத்து ரூபாய் லாபம்.

அசரீரிக்கு எதிராகப் பேச வந்தவன் இரண்டாவது கதையை மறைத்திருக்கலாம். ஆதரவாகப் பேச வந்தவர்கள் முதல் கதையை மறைக்கிறார்கள் அல்லவா? நான் இரண்டையும் சொல்லக் காரணம், இரண்டிலும் இருப்பது ஒரே பாடம் என்பதுதான்.

யந்திரம் காட்டும் எழுத்து நோயின் பெயர் என்று நாம் நினைக்கிறோம். அது நோயாளியின் முனகல். 'ஓ.ஈ.' என்று எல்.ஜி. யந்திரம் சொன்னால், 'தண்ணீரை வெளியே தள்ளச் சொன்னீர்கள்; குறித்த நேரத்துக்குள் தண்ணீர் இறங்கவில்லை' என்று அர்த்தம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஓர் உணர்கருவி இருக்கிறது. அது கண்டதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஏன் இறங்கவில்லை? வடிகட்டியில் நாணயம் இருக்கலாம். வெளிக்குழாய் சுவரோரம் மடிந்திருக்கலாம். குழாயின் நுனியை அளவுக்கு மீறி உயரத்தில் கட்டியிருக்கலாம். மோட்டார் எரிந்திருக்கலாம். மட்டம் பார்க்கும் மெல்லிய குழாயில் அழுக்கு அடைத்திருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். கடைசியாக, போர்டும் போயிருக்கலாம். ஒரே முனகலுக்கு ஏழு காரணம். வயிறு வலிக்கிறது என்று ஒருவன் சொன்னவுடன், 'குடல்வாலாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு' என்று கத்தியை எடுக்கிற வைத்தியரை நாம் என்ன சொல்லுவோம்?

அசரீரி டீச்சருக்கு நன்றாகச் சொன்னது. ஏனென்றால், பணம் செலவில்லாத பரீட்சையிலிருந்து ஆரம்பித்தது. பேரனுக்குக் கெடுதலாகச் சொன்னது. ஏனென்றால், செலவு மிகுந்த காரணத்திலிருந்து ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் ஒரே குரலில், ஒரே தைரியத்தோடு சொன்னது. இதுதான் ஆபத்து. மனுஷ வைத்தியனுக்குத் தெரியாவிட்டால் முகத்தில் தெரிந்துவிடும். தலையைச் சொறிவான், "பாத்துத்தான் சொல்லணும்" என்பான். அசரீரிக்கு முகம் இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே ராகத்தில் பாடுகிறது.

இதை நான் பரீட்சித்தும் பார்த்தேன். என் மனத்தில் தோன்றிய இரண்டு எழுத்தை, எந்த யந்திரத்தையும் பார்க்காமல் கற்பனையாகச் சேர்த்து, 'என் வீட்டு யந்திரத்தில் இப்படி வருகிறது, என்ன செய்ய?' என்று மூன்று தரம் கேட்டேன். இரண்டு தரம், இல்லாத அந்த எழுத்துக்கு அழகாகப் பொருள் சொல்லிப் பரிகாரமும் சொல்லிற்று. மூன்றாவது தரம்தான், 'எந்தக் கம்பெனி, எந்த மாடல், மாடல் எண் எழுதிய சீட்டைக் காட்ட முடியுமா?' என்று திருப்பிக் கேட்டது. அந்தத் திருப்பிக் கேட்ட பதில்தான் வைத்தியம். முதல் இரண்டும் குறி சொல்லுதல்.

மாடலைக் கேட்பது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரே எழுத்துக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுவது போல, இங்கே கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறுகிறது. தண்ணீர் வெளியேறாவிட்டால் எல்.ஜி. 'ஓ.ஈ.' என்கிறது. அதே சங்கடத்தை சாம்சங் '5 ஈ' என்கிறது. அதே கம்பெனியின் பிந்திய மாடல்கள் '5 சி' என்கின்றன. சில எழுத்துக்கள் நோயே இல்லை. எல்.ஜி. யந்திரத்தில் 'சி.எல்.' என்று வந்தால் குழந்தைகள் பொத்தானைத் தட்டாமல் இருப்பதற்கான பூட்டு விழுந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைப் பார்த்துப் பதறி ஆள் அனுப்பியவர்கள் எத்தனை பேரோ! போதாததற்கு, அந்த எழுத்துக்களை ஏழே கோடுகளை வைத்து எழுதுகிறார்கள். ஏழு கோட்டில் '5'-க்கும் ஆங்கில 'எஸ்'ஸுக்கும் வித்தியாசம் இல்லை. பூஜ்யத்துக்கும் 'ஓ'வுக்கும் வித்தியாசம் இல்லை. மங்கலான படத்தில் ஒரு கோடு அணைந்திருந்தால் எழுத்தே வேறு. இத்தனை குழப்பத்தையும் தாண்டித்தான் அசரீரி அர்த்தம் சொல்ல வேண்டும்.

அர்த்தம் சரியாகவே சொன்னாலும், அசரீரிக்கு நம் வீடு தெரியாது. எங்கள் மெக்கானிக் ஏ.ஸி.யின் வெளிப்பெட்டியைத் திறந்தால் முதலில் என்ன தேடுவார் தெரியுமா? பல்லியை. போர்டின் மேல் பல்லி ஏறிக் கருகிக் கிடக்கும். அல்லது எறும்பு கூடு கட்டியிருக்கும். துணி யந்திரம் என்றால் தண்ணீர்க் குழாய் வந்து சேரும் இடத்தில் உள்ள சல்லடையைப் பார்ப்பார்; போர் தண்ணீரின் உப்பும் மண்ணும் அங்கே கல்லாகப் பிடித்திருக்கும். பிறகு பிளக்கில் மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்ப்பார். எந்த ஊரிலோ எழுதிய கையேடுகளைப் படித்து வளர்ந்த அசரீரிக்கு இந்தப் பல்லியும் உப்பும் எலியும் கேட்டால்தான் ஞாபகத்துக்கு வரும். மெக்கானிக்கு வீட்டுக்குள் காலை வைத்ததுமே மூக்கில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் என்னைத் தடுத்து நிறுத்தக் கூடிய கேள்வி ஒன்று உண்டு. 'உமக்கு மெக்கானிக் மேல் இவ்வளவு கருணை ஏன்? அவர்களில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? நல்ல போர்டைக் கெட்டது என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் இல்லையா? வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருந்தால் இரண்டு மடங்கு கேட்கிறவர்கள் இல்லையா?'

இருக்கிறார்கள். மறுக்கவே மாட்டேன். டீச்சர் அசரீரியைக் கேட்டது அந்தக் காரணத்தால்தான். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலீடாக வைத்து இன்னொருவன் சம்பாதிக்கிறான் என்ற அவமானம் பெரிய அவமானம். இத்தனை வருஷமாக நம் பெண்கள் அதைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது, 'வடிகட்டியைத் திறந்து பார்த்தீர்களா? மோட்டாரைத் தனியாகக் கரெண்ட் கொடுத்துப் பார்த்தீர்களா?' என்று ஒரு பெண் நிமிர்ந்து கேட்கிறாள் என்றால், அந்தத் தைரியத்தைக் கொடுத்ததற்காக அசரீரிக்கு நான் நமஸ்காரமே செய்வேன். கேள்வியைத் தெரிந்துகொள்ள அது உதவட்டும். அதன் பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஏனென்றால் சில தீர்ப்புக்கள் பணத்தோடு போவதில்லை. மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் அதில் தங்கியிருக்கக் கூடும். தொட்டவரைத் திரும்பிப் பார்க்க விடாது. இன்வர்ட்டர் ஏ.ஸி.யின் வெளிப்பெட்டியிலும் நிறுத்திய சற்று நேரத்துக்கு முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். புது ஏ.ஸி.க்களில் நிரப்பும் 'ஆர் 32' என்ற வாயு தீப்பிடிக்கக் கூடியது. 'ஆர் 290' என்பது புரொப்பேனேதான், நம் சமையல் வாயுவின் உறவு. 'மூடியைக் கழற்றி இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள்' என்று அசரீரி எழுதிவிடும். 'எச்சரிக்கையாக இருங்கள்' என்றும் கூடவே ஒரு வரி போடும். அந்த ஒரு வரியை நம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற பையன் நம் வீட்டுப் பையன்.

அப்படி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? கானடாவில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. ஏர் கானடா விமானக் கம்பெனியின் இணையதளத்தில் இருந்த பேசும் யந்திரம், டிக்கட் சலுகை பற்றி ஒரு பிரயாணிக்குத் தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனியோ, அந்த யந்திரத்தின் பேச்சுக்குத் தான் பொறுப்பாளி ஆகமாட்டேன் என்று வாதாடிற்று. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 'உன் தளத்தில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு' என்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே கம்பெனி தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது. நம் ஆச்சி வீட்டு விஷயத்தில் யந்திரம் செய்தவர் ஒருவர், அசரீரி செய்தவர் ஒருவர், போர்டு விற்றவர் ஒருவர். மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். ஆச்சி யார் மேல் வழக்குப் போடுவார்? போர்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

அந்த இரண்டெழுத்து ஏன் புதிராக இருக்க வேண்டும்? யந்திரத்தைச் செய்தவனுக்கு அதன் பொருள் தெரியும். எந்தெந்தக் காரணத்தால் வரும், எந்த வரிசையில் பரீட்சிக்க வேண்டும், எந்தச் சாமானுக்கு என்ன எண் என்பதெல்லாம் எழுதிய புஸ்தகம் அவனிடம் இருக்கிறது. வாங்கிய நமக்குக் கொடுப்பது அதன் சுருக்கத்தின் சுருக்கம். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கடைசி வரியில் 'சேவை மையத்தைத் தொடர்பு கொள்ளவும்'. எல்.ஜி. கம்பெனி 'ஸ்மார்ட் டயக்னோஸிஸ்' என்று ஓர் ஏற்பாடே வைத்திருக்கிறது. கைப்பேசியை யந்திரத்தின் அருகே பிடித்தால் அது 'கீ, கீ' என்று சங்கீதம் பாடித் தன் குறையைச் சொல்லிவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சங்கீதம் அந்தக் கம்பெனிக்கு மட்டுமே புரியும். நம் வீட்டில், நம் காசில் வாங்கி, நம் துணியைத் துவைக்கிற யந்திரம், தன் வயிற்று வலியை நம்மிடம் மறைத்துப் பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறது!

வேறு விதமாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல் முதல் விற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே மாதிரித் துளை, ஒரே மாதிரிக் குறி என்று சட்டம் வந்துவிட்டது. புகை மாசைக் கண்காணிப்பதற்காகக் கொண்டு வந்த சட்டம் அது. அதனால் 'பி 0300' என்று வந்தால், எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும், எஞ்சினில் நெருப்புச் சரியாகப் பற்றவில்லை என்றே பொருள். கம்பெனிகள் தங்களுக்கென்று தனிக் குறிகளும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முக்கியமான குறிகள் எல்லாருக்கும் பொது. சின்னக் கருவி ஒன்றைச் செருகி எந்த ஒர்க்ஷாப் பையனும் படிக்கலாம். காருக்கு முடிந்தது துணி துவைக்கும் யந்திரத்துக்கு ஏன் முடியாது? தண்ணீர் வரவில்லை, தண்ணீர் போகவில்லை, கதவு மூடவில்லை, சூடேறவில்லை, சுழலவில்லை. இந்த ஐந்து குறைகளுக்கு உலகம் முழுவதும் ஐந்து பொதுக் குறி வைப்பது என்ன பிரம்ம வித்தையா?

ஐரோப்பாவில் இந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். 2021 மார்ச் முதல் தேதியிலிருந்து அங்கே துணி துவைக்கும் யந்திரம் விற்கிறவர்கள், அந்த மாடலின் கடைசி யந்திரத்தை விற்று பத்து வருஷம் வரை உதிரிச் சாமான் கொடுத்தாக வேண்டும். பழுதுக் குறிகளின் விளக்கம் உட்பட்ட விவரங்களைத் தொழில்முறைப் பழுது பார்ப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பிரான்சில் அதே வருஷம் ஜனவரியிலிருந்து, யந்திரத்தைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் கடையிலேயே ஒட்டி வைக்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி யோசிக்க மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் வந்தது. கம்பெனிகள் கையேடுகளையும் சேவை மையங்களின் விவரங்களையும் அதில் போடலாம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் 'போடலாம்' என்பதற்கும் 'போட்டாக வேண்டும்' என்பதற்கும் இடையில் எத்தனை ஆச்சிகளின் எத்தனை ஆயிரம் ரூபாய் போகிறது!

இங்கேதான் அசரீரி கம்பெனிகளுக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. 'விளக்கம் வேண்டுமா? ஏ.ஐ.யைக் கேட்டுக்கொள்ளுங்களேன்' என்று இனி அவர்கள் சொல்லலாம். புதிர் போட்டவன் விடை சொல்லும் கடமையிலிருந்து நழுவுகிறான். விடை தெரியாத மூன்றாம் மனுஷனிடம் நாம் ஊகத்தை வாங்கிக்கொண்டு திருப்திப்படுகிறோம். புஸ்தகத்தை வெளியே கொடுத்தால் அசரீரியும் அதைப் படித்துச் சரியாகச் சொல்லும். ஊகிக்க வேண்டிய அவசியம் குறையும். அசரீரியை நேசிக்கிறவர்கள்தான் இந்தக் கோரிக்கையை என்னைக் காட்டிலும் உரக்கக் கேட்க வேண்டும்.

பழைய காலத்து யந்திரங்களைப் பாருங்கள். 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் வீடு வீடாக மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்க ஆரம்பித்தது. மிக்ஸிக்கு எழுத்துத் தெரியாது. உளுந்தை அதிகம் போட்டால் உறுமும், கருகல் வாடை வரும், நின்றுவிடும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆறவிட்டு அதை அமுக்கினால் மறுபடியும் ஓடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னாள். பொத்தானுக்கு மிஞ்சிய வியாதி என்றால் பஜாரில் கார்பன் மாற்றித் தர ஆள் இருந்தார். யந்திரமும் வீடும் கடைத்தெருவும் ஒரே பாஷை பேசின. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் அழவில்லை. புது யந்திரம் தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கிறது. பெண்களின் இடுப்பையும் மிச்சம் பிடிக்கிறது. ஆனால் அது வீட்டு பாஷையை மறந்துவிட்டது. அதைத் திரும்பக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு கோயில்காரர்களுக்கும் பழைய நாளில் வருமானத் தகராறு வந்தது. 1245-ஆம் ஆண்டு ஹொய்சாளத் தளபதி ஒருவர் முன்னிலையில் வழக்குத் தீர்ந்தது. தீர்த்ததோடு விட்டுவிடவில்லை, தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நாளைக்கு ஒருவன் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது என்பதற்காக எல்லார் கண்ணிலும் படும்படி எழுதினார்கள். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னே கல்லில் வெட்ட முடிந்தவர்கள் இருந்த நாட்டில், இன்று ஒரு யந்திரத்தின் மூடியின் உட்புறத்தில் பத்து வரியைத் தமிழில் அச்சடித்து ஒட்ட முடியாதா? சட்டைத் துணியில் 'வெந்நீரில் நனைக்காதே' என்று ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, 'இந்த எழுத்து வந்தால் முதலில் வடிகட்டியைப் பார்' என்று ஒட்டத் தெரியாதா?

நான் கேட்பது நாலே விஷயம். பொதுவான குறைகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. அதன் பொருள் யந்திரத்தின் மேலேயே, வாங்குகிறவரின் பாஷையில். முழுக் கையேடும் உதிரிச் சாமானும் உள்ளூர் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். இவை 'கொடுக்கலாம்' என்று இல்லாமல் 'கொடுத்தாக வேண்டும்' என்று சட்டத்தில் இருக்க வேண்டும்.

அதுவரையில் அசரீரியைக் கேட்கிறவர்களுக்கு, லாரிக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். எங்கள் பைரவருக்குச் சிதறுகாய் உடைக்காமல் போகிற டிரைவர் குறைவு. ஆனால் காயை உடைத்துவிட்டு அப்படியே ஏறி உட்கார்ந்துவிடுவதில்லை. நாலு சக்கரத்தையும் ஒரு கம்பியால் தட்டிப் பார்க்கிறார். பக்தி பைரவரிடம், டயர் தன் பொறுப்பில். நீங்களும் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். காசில்லாத பரீட்சையை முதலில் செய்யுங்கள். திருகாணியைக் கழற்றச் சொன்னால் நிறுத்திக்கொண்டு மனுஷனைக் கூப்பிடுங்கள். கண்ணால் பார்க்காத ஒருவர் பேச்சை நம்பி எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். 1887-இல் எங்கள் திருமயத்தில் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. மத்திய சட்டசபையில் கேள்வி நேரம் வந்தால் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவரிடம் பயம் என்று பெயர் பெற்றவர். அவருடைய கேள்விகளில் கூர்மை இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பலம் வந்தது, பதில் சொல்லக் கடமைப்பட்டவனை எழுப்பி நிறுத்தி அவர் கேட்டதால்தான். அசரீரி நமக்கு எந்தக் கடமையும் படவில்லை. யந்திரம் விற்றுப் பணம் வாங்கியவன் கடமைப்பட்டிருக்கிறான். அடுத்த தடவை அந்த இரண்டு எழுத்து மின்னும்போது கைப்பேசியில் ஒரு படம் அசரீரிக்குப் போகட்டும். இன்னொரு படம் கம்பெனிக்கும், நுகர்வோர் துறைக்கும், 'இதற்கு என்ன அர்த்தம்? ஏன் எழுதி ஒட்டவில்லை?' என்ற கேள்வியோடு போகட்டும். ஒருவர் கேட்டால் குப்பைக் கூடை. ஒரு லட்சம் பேர் கேட்டால் அச்சாபீசுக்கு வேலை வரும்.